டிஸ்ப்ளே மேனேஜரும் விண்டோ மேனேஜரும்: லினக்ஸ் கணினி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் போட்ட கணினி பாதி வழியில் நின்றுவிட்டால் எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான் நடக்கிறது: ஃபார்மட். மண்டபம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் மட்டுமில்லை, கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி வரை இதே கதைதான். படகுக் கணக்கு, ஐஸ் கணக்கு, கருவாட்டு மண்டி பாக்கிப் பட்டியல், பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் அதோடு போய்விடுகிறது. அப்படி அழிக்கப்பட்ட கணினிகளில் பலவற்றில் ஹார்டு டிஸ்க்கும் நன்றாக இருந்திருக்கும், லினக்ஸும் நன்றாக இருந்திருக்கும். இரண்டு புரோகிராம்களில் ஏதோ ஒன்று மட்டும் எழுந்திருக்காது. அந்த இரண்டில் எது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் ஃபார்மட்டுக்கு வேலையே இல்லை.

ஒன்று டிஸ்ப்ளே மேனேஜர், இன்னொன்று விண்டோ மேனேஜர். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பலர் இரண்டையும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். இரண்டும் தனித்தனிப் புரோகிராம்கள், ஓடும் நேரம் வேறு, அதிகாரமும் வேறு. ஒன்றைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்றை வைத்துக்கொண்டு ஓட்டலாம்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் எழுத்து விண்டோவில்) ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். தனியாகச் சொல்லாத இடமெல்லாம் சின்ன எழுத்து. லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு.

ஆன் செய்ததிலிருந்து டெஸ்க்டாப் வரை நடப்பது என்ன

பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுகிறது. கெர்னல் சிஸ்டம்டியை எழுப்புகிறது. சிஸ்டம்டி ஒவ்வொரு சேவையாகத் தொடங்கி, கடைசியில் 'கிராபிகல் டார்கெட்' என்ற கட்டத்துக்கு வரும்போது டிஸ்ப்ளே மேனேஜரை ஓட்டுகிறது. அது ரூட் அதிகாரத்தில், அதாவது கணினி முழுவதற்குமான உரிமையோடு ஓடும். எக்ஸ்ஆர்க் போன்ற டிஸ்ப்ளே சர்வரைத் தொடங்குவது, பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் திரையைக் காட்டுவது, நீங்கள் தட்டிய பாஸ்வேர்டை பேம் என்ற சரிபார்ப்பு அமைப்பிடம் கொடுத்துக் கேட்பது எல்லாம் அதன் வேலை. சரி என்று பதில் வந்தால், உங்கள் பெயரில் ஒரு செஷனை, அதாவது நீங்கள் வேலை செய்யும் அமர்வைத் திறந்து, நீங்கள் தேர்ந்தெடுத்த செஷனுக்கான கட்டளையை உங்கள் அதிகாரத்தில் ஓட்டுகிறது. அதோடு ஒதுங்கிக் காத்திருக்கிறது.

விண்டோ மேனேஜர் அந்தக் கட்டளைக்குப் பிறகுதான் வருகிறது. அது உங்கள் பெயரில் ஓடும் சாதாரண புரோகிராம். ரூட் அதிகாரம் கிடையாது, உங்கள் பாஸ்வேர்டு அதற்குத் தெரியவும் தெரியாது. திறக்கும் ஒவ்வொரு விண்டோவையும் எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது, மேலே தலைப்புப் பட்டையும் ஓரத்தில் சட்டமும் போடுவது, இப்போது தட்டும் எழுத்து எந்த விண்டோவுக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது, ஆல்ட்-டேப் அழுத்தினால் அடுத்ததைக் கொண்டுவருவது எல்லாம் அதன் பாடு.

ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போகுமுன் மீன்வளத்துறையில் டோக்கன் வாங்க வேண்டும். டோக்கன் கொடுப்பவர் படகின் பதிவு சரியா என்று பார்ப்பார். எந்தப் பக்கம் வலை இறக்குவது என்று சொல்ல மாட்டார். அது படகு டிரைவர் பாடு. டிஸ்ப்ளே மேனேஜர் டோக்கன் கொடுக்கும் இடம் என்றால், விண்டோ மேனேஜர் டிரைவர். டோக்கன் கிடைக்காததற்கு டிரைவரை மாற்றிப் பயனில்லை. நடுக்கடலில் டிரைவருக்கு முடியாமல் போனால் டோக்கன் ஆபீசைக் கேட்டும் பயனில்லை.

இடையில் இன்னும் இரண்டு பெயர்கள் வரும். டிஸ்ப்ளே சர்வர் என்பது திரையில் வரைவதையும் கீபோர்டு, மவுஸ் உள்ளீட்டையும் கவனிப்பது. டெஸ்க்டாப் சூழல் என்பது விண்டோ மேனேஜரோடு பேனல், ஃபைல் மேனேஜர், செட்டிங்ஸ் எல்லாம் சேர்த்துக் கட்டிய மூட்டை: கினோம், கேடிஇ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ, சினமன், மேட்டே என்று.

முதல் படி: உங்கள் கணினியில் எந்த டிஸ்ப்ளே மேனேஜர்?

சிஸ்டம்டி இருக்கும் எந்த லினக்ஸிலும் இதைத் தட்டுங்கள்:

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் டிஸ்ப்ளே-மேனேஜர்

முதல் வரியிலேயே பெயர் வந்துவிடும். லைட்டிஎம், ஜிடிஎம், எஸ்டிடிஎம் மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். 'டிஸ்ப்ளே-மேனேஜர்' என்று தனியாக ஒரு சேவை கிடையாது. இப்போது எது பொறுப்பில் இருக்கிறதோ அதைச் சுட்டும் இணைப்பு அது. அதனால்தான் கணினியில் மூன்று டிஸ்ப்ளே மேனேஜர் நிறுவியிருந்தாலும் ஒன்றுதான் ஓடும்.

டெபியன், உபுண்டு, மின்ட், பாஸ் லினக்ஸ் வகையில் இன்னொரு இடமும் இருக்கிறது: /இடிசி/எக்ஸ்11/டிஃபால்ட்-டிஸ்ப்ளே-மேனேஜர் என்ற கோப்பு. இதில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து. உள்ளே ஒரே வரிதான் இருக்கும். இந்தக் கோப்பை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டாம் படி: எந்த விண்டோ மேனேஜர்?

டிஸ்ப்ளே சர்வரில் பழைய எக்ஸ் (எக்ஸ்ஆர்க் இந்த வகை), புதிய வேலண்ட் என்று இரண்டு வகை உண்டு. முதலில் நீங்கள் எக்ஸிலா வேலண்டிலா என்று பாருங்கள்:

எக்கோ $எக்ஸ்டிஜி_செஷன்_டைப்

டாலர் குறிக்குப் பிறகு வருவதெல்லாம் பெரிய எழுத்து. 'எக்ஸ்11' என்று வந்தால், டபிள்யூஎம்சிடிஎல் என்ற சின்னப் பொதியை நிறுவி (டெபியன் வகையில் 'சூடோ ஏபிடி இன்ஸ்டால்' என்று தட்டி, பொதியின் பெயரைச் சேர்க்க வேண்டும்; சூடோ என்பது ரூட் அதிகாரத்தில் ஓட்டச் சொல்வது), 'டபிள்யூஎம்சிடிஎல் -எம்' என்று தட்டினால் முதல் வரியில் விண்டோ மேனேஜரின் பெயர் வரும். கினோமில் 'கினோம் ஷெல்' என்று வரும், அதற்குள் இருப்பது மட்டர்; பிளாஸ்மாவில் கேவின், எக்ஸ்எஃப்சிஇயில் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4, சினமனில் மஃபின், மேட்டேயில் மார்க்கோ. லுபுண்டுவில் வரும் எல்எக்ஸ்க்யூடி, ஓப்பன்பாக்ஸை வைத்துக்கொள்கிறது. டெஸ்க்டாப் சூழலே இல்லாமல் தனியாக ஓடுபவையும் நிறைய உண்டு: ஐஸ்டபிள்யூஎம், ஃப்ளக்ஸ்பாக்ஸ், ஐ3, டிடபிள்யூஎம்.

மூன்றாம் படி: விண்டோ மேனேஜர் இல்லாமல் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்

இதைச் செய்து பார்க்காமல் வித்தியாசம் மனதில் பதியாது என்பது என் அபிப்பிராயம். எத்தனை பக்கம் படித்தாலும் இந்த ஒரு சோதனைக்கு ஈடாகாது. பத்து நிமிட வேலை, கணினிக்கு ஒரு சேதமும் வராது.

எக்ஸ்இனிட், எக்ஸ்டெர்ம், எக்ஸ்11-ஆப்ஸ், ஓப்பன்பாக்ஸ் நான்கையும் நிறுவிக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் வெறும் எழுத்தில் பெயர் கேட்கும். உங்கள் டெஸ்க்டாப் எங்கும் போகவில்லை, அடுத்த திரையில் அப்படியே இருக்கிறது. எஃப்1, எஃப்2, எஃப்7 மூன்றில் ஒன்றை இதே போல் அழுத்தினால் திரும்பிவிடலாம். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே வந்து இதைத் தட்டுங்கள்:

ஸ்டார்ட்எக்ஸ் /யூஎஸ்ஆர்/பின்/எக்ஸ்டெர்ம் -- :5

டிஸ்ப்ளே மேனேஜரும் இல்லை, விண்டோ மேனேஜரும் இல்லை. எக்ஸ் சர்வரும் ஒரே ஒரு டெர்மினலும் மட்டும். திரையின் இடது மேல் மூலையில் அந்த டெர்மினல் ஒட்டிக்கொண்டு நிற்கும். தலைப்புப் பட்டை இல்லை, மூடும் பட்டன் இல்லை, பிடித்து இழுக்கவும் முடியாது. மவுஸ் அம்பு அதன்மேல் இருக்கும்போது மட்டும் எழுத்து விழும். அம்பை வெளியே நகர்த்தினால் நீங்கள் தட்டுவது எங்கும் போகாது. இப்போது 'எக்ஸ்க்ளாக் &' என்று தட்டுங்கள். கடிகாரம் ஒன்று வந்து அதே இடது மேல் மூலையில், டெர்மினலின் தலைமேலேயே உட்காரும். எங்கே வைப்பது என்று சொல்ல ஆளில்லை. கீழே இருக்கும் விண்டோவை மேலே கொண்டுவரவும் வழியில்லை.

அடுத்து 'ஓப்பன்பாக்ஸ் &' என்று தட்டுங்கள். அடுத்த கணமே இரண்டு விண்டோக்களுக்கும் சட்டமும் தலைப்புப் பட்டையும் வந்துவிடும். கடிகாரத்தைப் பிடித்து ஓரமாக இழுக்கலாம், மூடலாம், பெரிதாக்கலாம். டெர்மினலிலும் கடிகாரத்திலும் எதுவுமே மாறவில்லை. மாறியதெல்லாம் ஓப்பன்பாக்ஸ் போட்டது.

ஓப்பன்பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தடவை 'ஓப்பன்பாக்ஸ்' என்று தட்டுங்கள். ஏற்கெனவே ஒரு விண்டோ மேனேஜர் ஓடுகிறது என்று சொல்லி மறுத்துவிடும். காரணம் எக்ஸின் அமைப்பிலேயே இருக்கிறது: திரையின் அடித்தள விண்டோவுக்குள் எது திறந்தாலும் முதலில் என்னைக் கேள் என்ற உரிமையை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமுக்குத்தான் எக்ஸ் சர்வர் கொடுக்கும். அந்த உரிமையைக் கையில் வைத்திருப்பதுதான் விண்டோ மேனேஜர். இருப்பதை இறக்கிவிட்டுத் தான் ஏற வேண்டுமென்றால் '--ரீப்ளேஸ்' என்று சேர்க்க வேண்டும்.

கடைசியாக, அந்த டெர்மினலில் 'எக்ஸிட்' என்று தட்டுங்கள். கடிகாரம், ஓப்பன்பாக்ஸ், எக்ஸ் எல்லாமே மூடி, கறுப்புத் திரைக்கு வந்துவிடுவீர்கள். செஷன் என்பது முதலில் ஓட்டிய அந்த ஒரே புரோகிராம். அது முடிந்தால் எல்லாம் முடிந்தது. இதை நினைவில் வையுங்கள். பாஸ்வேர்டு போட்டதும் திரும்ப அதே லாகின் திரைக்கே வந்து நிற்கும் நோயின் வேர் இங்கேதான்.

நான்காம் படி: இரண்டும் சந்திக்கும் இடம்

டிஸ்ப்ளே மேனேஜருக்கு ஓப்பன்பாக்ஸ் என்றால் என்ன, கேவின் என்றால் என்ன என்று எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு ஃபோல்டர்கள்: /யூஎஸ்ஆர்/ஷேர்/எக்ஸ்செஷன்ஸ், /யூஎஸ்ஆர்/ஷேர்/வேலண்ட்-செஷன்ஸ். இவற்றுக்குள் 'டெஸ்க்டாப்' என்று முடியும் சின்னச் சின்ன எழுத்துக் கோப்புகள் இருக்கும். ஒன்றைத் திறந்து பாருங்கள். 'நேம்' என்ற வரி லாகின் திரையில் காட்ட வேண்டிய பெயர். 'எக்ஸிக்' என்ற வரி ஓட்ட வேண்டிய கட்டளை. மற்றவை துணைக்கு.

ஐஸ்டபிள்யூஎம் நிறுவினால் அது தன் பெயரில் ஒரு கோப்பை இந்த ஃபோல்டரில் போட்டுவிடும். அடுத்த தடவை லாகின் திரை வரும்போது பட்டியலில் அதுவும் சேர்ந்திருக்கும். ஜிடிஎம்மில் பெயரைத் தேர்ந்தெடுத்த பிறகு கீழ் மூலையில் பல்சக்கரக் குறி தெரியும். பாஸ்வேர்டு போடுமுன் அதைத் தொட்டால் பட்டியல் விரியும். லைட்டிஎம்மில் பெயருக்குப் பக்கத்திலோ மேல் ஓரத்திலோ ஒரு சின்னப் படம். எஸ்டிடிஎம்மில் ஓரத்தில் ஒரு பட்டியல். தேர்ந்தெடுத்ததை அது நினைவில் வைத்துக்கொள்ளும்.

டிஸ்ப்ளே மேனேஜருக்கும் விண்டோ மேனேஜருக்கும் இருக்கும் உறவு அவ்வளவுதான், அந்த 'எக்ஸிக்' வரி. ஜிடிஎம் வழியாக ஐ3க்குள் போகலாம், எஸ்டிடிஎம் வழியாக எக்ஸ்எஃப்சிஇக்குள் போகலாம். கினோமுக்கு ஜிடிஎம்தான் வேண்டும், பிளாஸ்மாவுக்கு எஸ்டிடிஎம்தான் வேண்டும் என்று சொல்வது பழக்கத்தில் வந்த பேச்சு. சேர்ந்து நன்றாக ஓடும், அவ்வளவே. திரைப்பூட்டு விஷயத்தில் மட்டும் கினோமோடு ஜிடிஎம் நெருக்கம்: கினோமின் பூட்டுத் திரை ஜிடிஎம்மை நம்பித்தான் இருக்கிறது.

ஐந்தாம் படி: பழைய லேப்டாப்பை எழுப்புவது

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களில் பல, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்து வந்தவை. பாஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும் அந்த 61 நாளில்தான் பரணில் கிடந்த லேப்டாப் எங்கள் பக்கம் வெளியே வரும். உப்புக்காற்றில் சார்ஜர் முனையும் கீபோர்டும் போயிருந்தால் அது வேறு வேலை. கணினி ஓடுகிறது, ஆனால் நகரவே இல்லை என்றால் விண்டோ மேனேஜரை மாற்றிப் பார்க்கலாம்.

'சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஐஸ்டபிள்யூஎம்' போதும். லாகின் திரையில் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வாருங்கள். கீழே ஒரு பட்டை, இடது ஓரத்தில் மெனு. பழைய விண்டோஸில் பழகிய கைக்கு உடனே பிடிபடும். பழைய டெஸ்க்டாப்பை நீக்க வேண்டாம். பிடிக்காவிட்டால் அடுத்த லாகினில் அதையே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இங்கே பலர் குழம்பும் ஒரு இடம் உண்டு. விண்டோ மேனேஜரை மாற்றிய பிறகும் லாகின் திரை வரவே நேரம் ஆகிறது என்பார்கள். அது ஜிடிஎம்மாக இருந்தால் காரணம் இருக்கிறது: ஜிடிஎம் தன் லாகின் திரையைக் காட்டுவதற்கே கினோம் ஷெல்லை ஏற்றுகிறது, அதற்குள் மட்டர் விண்டோ மேனேஜரும் சேர்ந்தே வருகிறது. உள்ளே ஐஸ்டபிள்யூஎம் எவ்வளவு இலகுவாக இருந்தாலும் வாசலில் கினோம் நிற்கிறது. இங்கே மாற்ற வேண்டியது டிஸ்ப்ளே மேனேஜரை.

ஆறாம் படி: டிஸ்ப்ளே மேனேஜரை மாற்றுவது

டெபியன் வகையில் 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் லைட்டிஎம் லைட்டிஎம்-ஜிடிகே-கிரீட்டர்' என்று நிறுவுங்கள். கிரீட்டரை மறக்கக் கூடாது. லைட்டிஎம் பின்னால் இருந்து வேலை செய்வது. பெயர் கேட்கும் முகம் கிரீட்டர். கிரீட்டர் இல்லாத லைட்டிஎம் கறுப்புத் திரையில்தான் முடியும்.

நிறுவும்போது டெர்மினலில் நீல நிறத்தில் ஒரு பெட்டி வந்து, எது முதன்மை டிஸ்ப்ளே மேனேஜராக இருக்க வேண்டும் என்று கேட்கும். மவுஸ் அங்கே வேலை செய்யாது. மேல், கீழ் அம்புகளால் தேர்ந்தெடுத்து, டேப் அழுத்தி 'ஓகே'க்குப் போய், என்டர் அடியுங்கள். பிறகு மனம் மாறினால் 'சூடோ டிபிகேஜி-ரீகன்ஃபிகர் லைட்டிஎம்' என்று தட்டினால் அதே பெட்டி திரும்ப வரும். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி என்று முழு டெஸ்க்டாப் சூழலை நிறுவும்போதும் இந்தப் பெட்டி எட்டிப்பார்க்கும், ஏனென்றால் அவை கூடவே ஒரு டிஸ்ப்ளே மேனேஜரை இழுத்து வரலாம். பயப்பட வேண்டாம், இப்போது ஓடுவதையே தேர்ந்தெடுத்தால் எதுவும் மாறாது.

ஃபெடோரா, ஆர்ச் வகையில் இந்தப் பெட்டி கிடையாது. 'சூடோ சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள்' என்று பழையதை விலக்கி, 'சூடோ சிஸ்டம்சிடிஎல் இனேபிள்' என்று புதியதைப் போட வேண்டும். ஆர்ச்சுக்கு எழுதிய குறிப்பைப் பார்த்து டெபியனில் இதை மட்டும் செய்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். டெபியனில் லைட்டிஎம் சேவை தொடங்குமுன், முதல் படியில் சொன்ன அந்த ஒரு வரிக் கோப்பில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் எழாது. டெபியனில் ரீகன்ஃபிகர் வழியே பாதுகாப்பு.

எதைச் செய்தாலும் டெஸ்க்டாப்புக்குள் இருந்துகொண்டு டிஸ்ப்ளே மேனேஜரை நிறுத்தவோ ரீஸ்டார்ட் செய்யவோ கூடாது. செஷன் அதன் பிடியில் இருப்பதால், திறந்திருக்கும் கணக்கு, சேமிக்காத கடிதம் எல்லாம் ஒரு நொடியில் மூடிவிடும். மாற்றத்தைச் செய்துவிட்டு முழுக் கணினியையும் ரீஸ்டார்ட் செய்வதே நல்லது.

டிஸ்ப்ளே மேனேஜரே வேண்டாம் என்றாலும் ஓட்டலாம். 'சூடோ சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட் மல்டி-யூசர்.டார்கெட்' என்று தட்டினால் அடுத்த தடவை எழுத்துத் திரையில் வந்து நிற்கும். உங்கள் வீட்டு (ஹோம்) ஃபோல்டரில் '.எக்ஸ்இனிட்ஆர்சி' என்ற கோப்பில் 'எக்ஸிக் ஐஸ்டபிள்யூஎம்-செஷன்' என்று ஒரு வரி எழுதி வைத்து, 'ஸ்டார்ட்எக்ஸ்' என்று தட்டினால் டெஸ்க்டாப் வந்துவிடும். பழையபடி வேண்டுமென்றால் அதே கட்டளையில் 'மல்டி-யூசர்' இருந்த இடத்தில் 'கிராபிகல்' என்று போடுங்கள்.

ஏழாம் படி: எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பழுது நீக்குவது

போனில் அதிகமாக வரும் கேள்வி இதுதான்: "அண்ணே, பாஸ்வேர்டு சரின்னுதான் எடுத்துக்குது, ஒரு நொடி கறுப்பா வந்துட்டு மறுபடி பாஸ்வேர்டே கேக்குதுண்ணே." பதில்: "ஃபார்மட் மட்டும் பண்ணிராதீங்க தம்பி. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அமுக்கி உள்ள வாங்க."

எழுத்துத் திரையில் அதே பாஸ்வேர்டு வேலை செய்தால், பாஸ்வேர்டிலும் கோளாறில்லை, டிஸ்ப்ளே மேனேஜரும் தன் வேலையைச் செய்துவிட்டது. செஷன் தொடங்கியதுமே செத்துவிடுகிறது. முதலில் 'டிஎஃப் -எச்'. ரூட் பகுதியோ (/) வீட்டுப் பகுதியோ (/ஹோம்) 100% என்று காட்டினால், இடமில்லாமல்தான் செஷன் விழுகிறது; பெரிய வீடியோ ஒன்றிரண்டை அழியுங்கள், 'சூடோ ஏபிடி க்ளீன்' ஓட்டுங்கள். இடம் இருந்தால் 'டச் சோதனை' என்பது போல் ஏதாவது ஒரு பெயரில் காலிக் கோப்பு ஒன்றை உருவாக்கிப் பாருங்கள். படிக்க மட்டும் என்று மறுத்தால், திடீரென்று கரண்ட் போனதில் கோப்பு அமைப்பு அடிபட்டிருக்கலாம். ரீஸ்டார்ட் செய்து, வட்டுச் சோதனை முடியும்வரை காத்திருங்கள். பேட்டரி போன லேப்டாப்பைக் கரண்டில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

அதுவும் இல்லையென்றால் 'எல்எஸ் -எல் .எக்ஸ்அதாரிட்டி' என்று பாருங்கள். இதிலும் எக்ஸ் பெரிய எழுத்து. உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயருக்குப் பதில் 'ரூட்' என்று இருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். யாரோ சூடோ போட்டு ஸ்டார்ட்எக்ஸையோ வேறு புரோகிராமையோ ஓட்டியிருக்கிறார்கள். 'சூடோ சிஹோன்' (சி-எச்-ஓ-டபிள்யூ-என்) கட்டளையால் அந்தக் கோப்பை உங்கள் பெயருக்கு மாற்றினால் சரியாகிவிடும். இது லைட்டிஎம் வைத்திருப்பவர்களுக்கு; ஜிடிஎம் அந்த அனுமதியை வீட்டு ஃபோல்டரில் வைப்பதில்லை. பிறகு '.எக்ஸ்செஷன்-எரர்ஸ்' கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள். நீக்கப்பட்ட விண்டோ மேனேஜரின் செஷனே இன்னும் தேர்வில் இருந்தாலும் இதே சுழல்தான். லாகின் திரையில் வேறு செஷனைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

லாகின் திரையே வராமல் கறுப்பாகவோ மினுக்கிக்கொண்டோ நின்றால், விண்டோ மேனேஜர் இன்னும் மேடைக்கே வரவில்லை. அதைத் தொடாதீர்கள். 'சூடோ ஜர்னல்சிடிஎல் -பி -யூ டிஸ்ப்ளே-மேனேஜர்' பாருங்கள், எக்ஸ்ஆர்க்கின் பதிவுக் கோப்பை (லாக்) பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவரோ, விடுபட்ட கிரீட்டரோ இருக்கும்.

பாஸ்வேர்டு தவறு என்று லாகின் திரை திட்டவட்டமாகச் சொன்னால், தமிழில் தட்டுபவர்கள் ஒன்றை முதலில் பார்க்க வேண்டும். லாகின் திரையின் கீபோர்டு அமைப்பு வேறு, உள்ளே செஷனில் நீங்கள் வைத்திருக்கும் அமைப்பு வேறு. கணினி முழுமைக்கும் தமிழ்99 அமைப்பை முதலாவதாக வைத்துவிட்டால், பாஸ்வேர்டுப் பெட்டியில் தமிழ் எழுத்துகள் புள்ளிகளாக விழுந்துகொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியாது. லாகின் திரையின் ஓரத்தில் இருக்கும் மொழிக் குறியை மாற்றிவிட்டுத் தட்டுங்கள். உள்ளே வந்ததும் கணினி அமைப்பில் ஆங்கிலத்தை முதலாவதாக வைத்து, தமிழைச் செஷனுக்குள் மட்டும் சேருங்கள்.

உள்ளே வந்தாயிற்று, ஆனால் விண்டோக்களுக்குத் தலைப்புப் பட்டை இல்லை, நகர்த்த முடியவில்லை என்றால், மூன்றாம் படியில் பார்த்த அதே காட்சி. விண்டோ மேனேஜர் விழுந்துவிட்டது. எக்ஸ்எஃப்சிஇயில் ஒரு டெர்மினலில் 'எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 --ரீப்ளேஸ் &' என்று தட்டுங்கள்; சினமனில் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப். எக்ஸ்எஃப்சிஇயில் ஒவ்வொரு லாகினிலும் இதே தொல்லை என்றால், விண்டோ மேனேஜர் இல்லாத நிலையையே செஷன் சேமித்து வைத்திருக்கிறது. வீட்டு ஃபோல்டரில் '.கேஷ்' என்பதற்குள் இருக்கும் 'செஷன்ஸ்' ஃபோல்டரைக் காலி செய்யுங்கள்.

வேலண்டில் கணக்கு கொஞ்சம் மாறும்

இதுவரை சொன்னது பெரும்பாலும் எக்ஸைப் பற்றி. எக்ஸ் 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்தது, 11-ஆம் பதிப்பு 1987-இல் வந்தது. எக்ஸ்டிஎம் என்ற முதல் டிஸ்ப்ளே மேனேஜர் 1988-இல் அதோடு சேர்ந்தது. ஒரே பெரிய கணினியோடு பல எக்ஸ் டெர்மினல்கள் இணைந்திருந்த காலத்தில், ஒவ்வொரு திரையிலும் லாகின் காட்டி, ஒருவர் எழுந்து போனதும் அடுத்தவருக்குத் திரும்பக் காட்டுவதற்கு அது தேவைப்பட்டது. விண்டோ மேனேஜரை வெளியே தனிப் புரோகிராமாக வைத்ததும் எக்ஸ்தான். விற்பனைக்கு வந்த யுனிக்ஸ்களில் ஓடிய சிடிஇ டெஸ்க்டாப்பிலும் டிடிலாகின், டிடிடபிள்யூஎம் என்று இரண்டும் தனித்தனியாகவே இருந்தன.

2008-இல் தொடங்கிய வேலண்டில் டிஸ்ப்ளே சர்வரும் விண்டோ மேனேஜரும் ஒரே புரோகிராமாகி, காம்போசிட்டர் என்று பெயர் பெற்றன. ஸ்வே, லாப்டபிள்யூசி, ஹைப்பர்லேண்ட், வேலண்டில் ஓடும் கேவின், மட்டர் எல்லாம் இந்த வகை. ஆகவே அங்கே '--ரீப்ளேஸ்' போட்டு நடுவில் ஆள் மாற்றும் வித்தை நடக்காது. காம்போசிட்டர் விழுந்தால் திறந்திருக்கும் புரோகிராம்களும் பெரும்பாலும் சேர்ந்தே விழும். ஓப்பன்பாக்ஸும் ஐஸ்டபிள்யூஎம்மும் எக்ஸுக்கு எழுதியவை. வேலண்ட் செஷனில் அவை விண்டோ மேனேஜராக ஓடா. ஓப்பன்பாக்ஸ் பழகியவர்களுக்கு லாப்டபிள்யூசி கைக்கு வரும், ஐ3 பழகியவர்களுக்கு ஸ்வே. உபுண்டு 25.10 பதிப்பிலிருந்து கினோமுக்கு எக்ஸ் செஷனே கிடையாது என்பதால், புதிதாக நிறுவுபவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

டிஸ்ப்ளே மேனேஜர் மட்டும் வேலண்டிலும் பழையபடி வெளியே தனியாகத்தான் இருக்கிறது. பாஸ்வேர்டு கேட்பது, பேமிடம் சரிபார்ப்பது, செஷன் கோப்பைப் படித்து ஓட்டுவது எதுவும் மாறவில்லை.

லினக்ஸைப் போலவே யுனிக்ஸ் வழியில் வந்த பிஎஸ்டி பக்கம் போனால் சிஸ்டம்டி இருக்காது, பிரிவினை அதேதான். ஓப்பன்பிஎஸ்டியில் எக்ஸ்டிஎம்மின் வழிவந்த ஜீனோடிஎம் (முதல் எழுத்து எக்ஸ்), 'ஆர்சிசிடிஎல் இனேபிள் ஜீனோடிஎம்' என்று எழுப்பினால் லாகின் திரை வரும். உள்ளே போனால் எஃப்விடபிள்யூஎம் என்ற விண்டோ மேனேஜர் காத்திருக்கும்.

யாரிடமாவது உதவி கேட்பதாக இருந்தால், முதல் படியில் வந்த பெயர், இரண்டாம் படியில் வந்த இரண்டு பதில், ஏழாம் படியில் சொன்னவற்றில் உங்கள் கணினி எந்த இடத்தில் நிற்கிறது என்பது, இவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். திரை கறுப்பாக இருந்தாலும் எஃப்3 வழியாக உள்ளே போய் முதல் படியின் பதிலை எடுக்கலாம். போனில் படம் பிடித்து அனுப்பினாலே போதும்.